சொட்டு மருந்தோடு ஊசியும் வேண்டும்

(தருமபுரி மாவட்டத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் பேச எழுந்தால் சாலை, குடிநீர், கால்வாய் என்று தொடங்குவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, கைக்குழந்தையின் மேற்கையில் போடப்படும் ஒரு சிறு ஊசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதற்குக் காரணம் நாம் செய்த ஒரு பிழை. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராம சபையில், இளம்பிள்ளை வாதத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். “அந்த நோய் நம் நாட்டைவிட்டுப் போய்விட்டது, முகாம் நாளில் சொட்டு மருந்து கொடுத்தால் போதும்” என்று நாம் விடை கூறிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம். பின்வரிசையில் அமர்ந்திருந்த கிராம சுகாதார செவிலியர் கூட்டம் முடியும் வரை காத்திருந்து, தம் பதிவேட்டை நம்முன் விரித்துக் காட்டினார். ஒன்றரை மாதத்திற்கான கட்டங்கள் நிரம்பியிருந்தன. மூன்றரை மாதத்தில் இரண்டொரு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஒன்பதாம் மாதத்திலோ பல கட்டங்கள் வெறுமையாகவே கிடந்தன. “ஐயா, சொட்டு மருந்தே போதும் என்று நீங்கள் சபையில் சொல்லிவிட்டால், இந்த ஊசிக்கு நான் யார் வீட்டில் போய் நிற்பேன்?” என்று அவர் கேட்டார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. அன்று சபையில் சொன்னதை இன்று சபையிலேயே திருத்துவதுதான் முறை.

இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ ஒரு வைரஸால் வருவது. நோயுற்ற குழந்தையின் மலத்திலிருந்து நீர், கை, உணவு வழியாக இன்னொரு குழந்தையின் வாய்க்குப் போய்க் குடலில் பெருகுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு அறிகுறியும் இராது. சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்து போகும். ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கு மட்டும் வைரஸ் நரம்பு மண்டலத்தைத் தாக்கிக் கை கால்களைச் செயலிழக்கச் செய்கிறது. அப்படி வாதம் கண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர், மூச்சுவிடும் தசைகளும் செயலிழந்து இறந்துபோவர். வந்தபின் இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஒரு குழந்தைக்குக் கால் விழுந்தது நம் கண்ணில் படும்போது, அதே வைரஸைச் சுமந்துகொண்டு ஓடியாடும் குழந்தைகள் நூற்றுக்கணக்கில் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன் பிறந்தவர். ஒவ்வொரு அடிக்கும் வலது கையால் முழங்காலை ஊன்றி நடப்பார். பெயர் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒருவர் நம் ஊர்களில் பலவற்றிலும் இருக்கிறார். அவரிடம் இந்த உரையைப் பற்றிச் சொன்னபோது, “என் தாய் என்னை இடுப்பில் சுமந்துகொண்டு மூன்று ஊர் வைத்தியரிடம் அலைந்தாள். இல்லாத நோய்க்கு எதற்கு ஊசி என்று கேட்கிறவர்களை என் வீட்டுத் திண்ணைக்கு அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்” என்றார். முப்பது வயதிற்குட்பட்ட பெற்றோர் பலர் இந்நோயைக் கண்ணால் கண்டதே இல்லை. தடுப்பு மருந்தின் வெற்றியே அதற்கு இடையூறாகிவிட்டது.

வெற்றி என்று சொன்னது மிகையன்று. 2009-ஆம் ஆண்டில் இந்தியாவில் 741 குழந்தைகள் போலியோவால் பாதிக்கப்பட்டனர். 2010-இல் 42 பேர். 2011-இல் ஒரே ஒரு குழந்தை. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்காளத்தின் ஹௌரா மாவட்டத்தில் வாதம் கண்ட அப்பெண் குழந்தையே இந்நாட்டில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை. தமிழ்நாட்டிலோ 2004-க்குப் பின் அவ்வாறு ஒருவரும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27 அன்று, இந்தியாவை உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றது என உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. இவ்வளவும் சொட்டு மருந்தால் ஆனவை. நாம் அதைக் குறைத்துப் பேசவில்லை.

பின் ஊசி எதற்கு? நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்ல, மருந்தின் வரலாற்றைச் சற்றுத் தொட வேண்டும்.

போலியோ வைரஸில் மூன்று வகைகள் உண்டு. 1955-இல் அமெரிக்காவின் ஜோனாஸ் சால்க் கண்டளித்த ஊசி மருந்தில் இம்மூன்று வகை வைரஸ்களும் கொல்லப்பட்ட நிலையில் உள்ளன. செத்த வைரஸ் பெருகாது. ஆகவே இந்த ஊசியால் ஒருபோதும் போலியோ வர இயலாது. பின்னர் ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுக்குறைக்கப்பட்ட வைரஸ். அது குடலிலேயே தங்கிப் பாதுகாப்புத் தரும். விலையும் குறைவு, வாயில் இரண்டு சொட்டு விட எவரும் கற்றுக்கொள்ளலாம். எனினும் அதில் இரண்டு குறைகள் உண்டு.

முதற்குறையை நம் அண்டையிலேயே கண்டறிந்தார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், 1970-களில் நம் நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று தவணைச் சொட்டு மருந்து போதவில்லை என்பதை எடுத்துக்காட்டினார். வயிற்றுப்போக்கும் வேறு கிருமிகளும் மலிந்த குடலில் மருந்து வைரஸ் வேர்பிடிப்பது கடினம். களை மண்டிய வயலில் விதைப்பதற்கு இதை ஒப்பிடலாம். அதனால்தான் திரும்பத் திரும்ப முகாம் நடத்திச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. ஊசி மருந்துக்குக் குடலின் தயவு தேவையில்லை.

இரண்டாவது குறை அரிதானது. ஆனால் மறைக்கத்தக்கது அன்று. தடுப்பு மருந்து பெறாத குழந்தைகள் மிகுதியாக உள்ள இடத்தில், சொட்டு மருந்தின் வலுக்குறைந்த வைரஸ் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நெடுங்காலம் பரவினால், மீண்டும் வலுப்பெற்று நோய் தரக்கூடும். இவ்வாறு வருவதில் பெரும்பகுதி இரண்டாம் வகையால் வந்தது. இயற்கையான இரண்டாம் வகை வைரஸோ 1999-க்குப் பின் உலகில் எங்கும் காணப்படவில்லை. ஆகவே 2016 ஏப்ரல் 25 முதல் நம் நாட்டின் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை நீக்கப்பட்டது. இன்று முகாமில் தரப்படும் சொட்டு மருந்து முதல், மூன்றாம் வகைகளுக்கு எதிரானது மட்டுமே. இரண்டாம் வகைக்கு எதிரான பாதுகாப்பு ஊசியில்தான் இருக்கிறது. அதற்காகவே 2015 நவம்பரில் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ஊசி சேர்க்கப்பட்டது. ஆண்டு தவறாமல் சொட்டு மருந்து பெற்று, ஒரு ஊசியும் பெறாத குழந்தைக்கு, வேலியின் ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது.

அந்தத் திறந்த பக்கத்தின் வழியே நோய் நுழைந்ததை உலகம் அண்மையில் கண்டது. 2022-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், தடுப்பூசியே பெறாத ஓர் இளைஞருக்கு இரண்டாம் வகையால் வாதம் கண்டது. செல்வச் செழிப்புள்ள நாடு அது. 2024-இல் போரால் சிதைந்த காசாவில், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு பத்து மாதக் குழந்தையின் கால் விழுந்தது. அதுவும் இரண்டாம் வகையே. இயற்கையான வைரஸ் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் ஒழியவில்லை. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போய்வரும் நம் மாவட்ட மக்களுக்கு, ஊர் எல்லை நோயைத் தடுக்காது என்பதை விளக்க வேண்டியதில்லை.

நிற்க. பென்னாகரம் பக்கம் ஒரு விவசாயி நம்மிடம் வேறொரு கேள்வி எழுப்பினார். “தனியார் மருத்துவமனையில் அரை மில்லி மருந்து போடுகிறார்கள். அரசாங்கம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் போடுகிறதாமே! ஏழை என்றால் அளவும் குறைவா?” என்றார். கணக்கு சரிதான். தனியாரிடம் பெரும்பாலும் 0.5 மில்லி தசையில் போடப்படுகிறது. அரசுத் திட்டத்தில் 0.1 மில்லி தோலுக்குள் போடப்படுகிறது. உலகெங்கும் இம்மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, 2016-இல் இம்முறையை முதன்முதலில் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது இந்தியாவே. தோலில் நோய் எதிர்ப்பைத் தூண்டும் அணுக்கள் நிறைந்துள்ளன. அங்கே இட்ட சிறிதளவு மருந்தே உடலை விழிக்கச் செய்யும். முழு அளவு ஒன்று தருவதைவிட, இச்சிறு அளவு இரண்டு முறை தருவது நன்றாகவே வேலை செய்கிறது என்பதை ஆய்வுகள் காட்டின. பாலக்கோட்டில் தக்காளிக்குச் சொட்டுநீர் போடுகிறவரிடம், வாய்க்கால் நிறையப் பாய்ச்சுகிறவரைவிடக் குறைவாகத் தண்ணீர் விடுகிறீர்களே, செடி ஏமாறாதா என்று யாரும் கேட்பதில்லை. வேரருகே விழுகிற நீருக்குப் பலன் அதிகம். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியும் தோலுக்குள் சிறு அளவில்தானே போடப்படுகிறது. அந்த விவசாயி சிரித்துவிட்டுப் போனார்; அவருடைய பேரனின் அட்டையில் இப்போது கட்டம் நிரம்பியிருக்கிறது.

இனி ஊசி பெறும் முறைக்கு வருவோம். அரசுத் திட்டத்தில் இந்த ஊசி மூன்று முறை: குழந்தைக்கு ஆறு வாரம் நிறைந்ததும் ஒன்று, பதினான்கு வாரத்தில் ஒன்று, ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒன்று. முதல் இரண்டும் வலது மேற்கையில்; மூன்றாவது இடது மேற்கையில். இம்மூன்றாவது ஊசி 2023 ஜனவரி முதல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் மூத்த குழந்தையை வளர்த்த தாய், “என் பெரியவனுக்கு இப்படி ஒன்று போடவில்லையே” என்று ஐயுறுவது இயல்பு. போடாதது உண்மை; அப்போது திட்டத்தில் அது இல்லை. ஊசிகளோடு, பிறந்தவுடனும் ஆறு, பத்து, பதினான்கு வாரங்களிலும் சொட்டு மருந்து உண்டு; பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்திற்குள் ஊக்கத் தவணையும் உண்டு. சொட்டு மருந்து குடலைக் காக்கும், ஊசி நரம்பைக் காக்கும். ஒன்றிருக்க மற்றொன்று எதற்கு என்று கேட்பது, ஏர் இருக்க எருது எதற்கு என்பது போலாகும்.

புதன்கிழமைகளில் துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ நடைபெறும் தடுப்பூசி அமர்வுக்கு வரும்போது தாய் சேய் நல அட்டையைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். தனியாரிடம் ஏதேனும் ஊசி போட்டிருந்தால் அந்தச் சீட்டையும் காட்டுங்கள். குழந்தைக்குத் தோள் வரை எளிதில் சுருட்டக்கூடிய சட்டையைப் போட்டு வாருங்கள். வரும் முன்னும் பின்னும் தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் உரிய நாளில் ஊசி போடலாம். தேறட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். சாதாரணச் சளி, இலேசான இருமல் இருந்தாலும் தடையில்லை. கடுங்காய்ச்சலோ வேறு கடுமையான நோயோ இருந்தால் குணமான பின் போடலாம். அதையும் நீங்களே முடிவு செய்யாமல் செவிலியரிடம் காட்டிக் கேளுங்கள். முந்தைய ஊசியின்போது உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின், நியோமைசின், பாலிமிக்சின் ஆகிய மருந்துகள் ஒவ்வாதவர்களும் சொல்ல வேண்டும். இவை இந்த ஊசி மருந்தில் மிகச் சிறு அளவில் இருக்கக்கூடும்.

ஆறாம் வாரத்தில் மூன்று ஊசிகளும் இரண்டு வாய்வழி மருந்துகளும் ஒரே நாளில் தரப்படுவதைக் கண்டு பாட்டிமார்கள் பதறுவது உண்டு. ஐந்து நோய்களுக்கான ஊசி இடது தொடையில், நிமோனியா தடுப்பூசி வலது தொடையில், போலியோ ஊசி வலது மேற்கையில். பச்சைக் குழந்தை தாங்குமா என்கிறார்கள். தாங்கும். தினமும் மண்ணிலும் காற்றிலும் குழந்தை சந்திக்கும் கிருமிகளோடு ஒப்பிட்டால் இது சிறு சுமையே. ஒன்றை இன்று, மற்றதை அடுத்த வாரம் என்று பிரித்தால், அடுத்த வாரம் நாற்று நடவு வந்துவிடும், ஊசி நின்றுவிடும்.

போலியோ ஊசி போட்ட இடத்தில் கொசுக்கடி போன்ற ஒரு தடிப்பு எழும். மருந்து சரியான இடத்தில் இறங்கியதற்கு அதுவே அடையாளம். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அதைத் தேய்க்கவோ, எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு தடவவோ, ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. பி.சி.ஜி. போல் புண்ணாகித் தழும்பு விழ வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். ஒவ்வாமை மிக மிக அரிது. வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்திற்குள் தெரிந்துவிடும், மருந்தும் கையருகே இருக்கும். வீட்டிற்குப் போனபின் இலேசான காய்ச்சல், சிணுங்கல், ஊசி இடத்தில் சிவப்பு ஆகியவை ஓரிரு நாள் இருக்கலாம். அன்று போடும் மற்ற ஊசிகளால்தான் பெரும்பாலும் காய்ச்சல் வருகிறது; பழி மட்டும் எல்லாவற்றின் மேலும் விழுகிறது. செவிலியர் தரும் பாரசிட்டமால் மருந்தை அவர் சொன்ன அளவிலேயே கொடுங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டு விழுந்தாலோ, மூன்று மணி நேரத்திற்கு மேல் ஓயாமல் அழுதாலோ 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இவையெல்லாம் தாயும் செவிலியரும் பார்த்துக்கொள்ளக் கூடியவை. பஞ்சாயத்து உறுப்பினர் செய்ய வேண்டியது ஒன்பதாம் மாதத்தில் இருக்கிறது.

பதிவேட்டில் வெறுமையாய்க் கிடந்த அந்தக் கட்டங்களுக்கு உரிய வீடுகளைச் செவிலியரோடு நாமும் போய்ப் பார்த்தோம். மறுத்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடந்தன. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனதும் தாயும் தந்தையும் செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ குடும்பத்தோடு போய்விட்டார்கள். ஆடிப் பதினெட்டுக்கோ பொங்கலுக்கோ ஊர் திரும்பி, நான்கு நாள் தங்கி, மீண்டும் போய்விடுகிறார்கள். போன ஊரில் எங்கே போய்க் கேட்பது என்று தெரியாது. அட்டையோ இங்கே கிழவியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஆகவே வேலைக்குப் புறப்படும் குடும்பத்தைக் கண்டால், “அட்டையை எடுத்துக்கொண்டாயா அம்மா?” என்று கேளுங்கள். அந்த அட்டையைக் காட்டி எந்த மாநிலத்து அரசு சுகாதார நிலையத்திலும் இலவசமாக ஊசி போட்டுக்கொள்ளலாம். திருவிழாவிற்கு வருகிறவர்களின் வருகையை முன்கூட்டியே செவிலியருக்குச் சொல்லுங்கள். தவணை தவறிவிட்டது, திட்டுவார்கள் என்று அஞ்சி வராமலே இருந்துவிடுகிற தாய்மாரும் உண்டு. தவறிய குழந்தைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து என்ன தரலாம் என்பதைச் செவிலியர் சொல்வார். அதேபோல் சூளையிலும் பண்ணையிலும் வேலை செய்ய நம் ஊருக்கு வந்திருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களின் குழந்தைகளும் நம் கணக்கைச் சேர்ந்தவர்களே.

கோமாரி ஊசி போட கால்நடை மருத்துவர் வருகிறார் என்றால், ஆண்டுக்கு இருமுறையும் மாட்டை ஓட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கே வரிசையில் நிற்கிற ஊர் இது. குறையாகச் சொல்லவில்லை, அந்தப் பழக்கம் நம்மிடம் உண்டு என்பதற்காகச் சொல்கிறோம்.

மலையூர் உறுப்பினர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். சித்தேரிக்கும் வத்தல்மலைக்கும் மருந்து குளிர்பெட்டியில் ஏறி வருகிறது. சொட்டு மருந்தைச் சேமிப்பில் உறைய வைக்கலாம். ஊசி மருந்து உறைந்தால் கெட்டுவிடும். அது 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஆகவே நன்மை செய்வதாக எண்ணிப் பெட்டிக்குள் கூடுதலாகப் பனிக்கட்டியைத் திணிக்க வேண்டாம். வெயிலில் வைக்கவும் வேண்டாம். மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால், மருந்து வெப்பத்தால் கெடவில்லை என்று பொருள். ஐயமுள்ளவர்கள் காட்டச் சொல்லிக் கேட்கலாம். செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று. பதினைந்து வயதிற்குட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது திடீரென்று கையோ காலோ துவண்டுவிட்டால், விழுந்திருப்பான், எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று நாள் கடத்தாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது வேறு நோயாகவே இருக்கும். எனினும் கால் துவண்ட பதினான்கு நாட்களுக்குள், ஒரு நாள் இடைவெளியில் இருமுறை மலம் எடுத்துச் சோதித்தால்தான் போலியோ இல்லை என்று உறுதிப்படுத்த முடியும்.

இந்த மாதமும் அடுத்த மாதமும் ஒன்பது மாதம் நிறைகிற குழந்தைகளின் பட்டியலைக் கிராமவாரியாகச் செவிலியர் எழுதி வைத்திருக்கிறார். கூட்டம் கலையும் முன் ஒவ்வொரு உறுப்பினரும் தம் வார்டுக்கு உரிய தாளை அவரிடம் பெற்றுச் செல்லுங்கள். வெளியூர் போயிருப்பவர்களின் பெயருக்கு எதிரே, இருக்கும் ஊரையும் திரும்பும் நாளையும் விசாரித்து எழுதி, வரும் புதன்கிழமை அமர்வில் அவரிடமே திருப்பித் தந்துவிடுங்கள்.